தளத் தேடலில் சரியான பக்கத்தை மேலே கொண்டுவர: எடை, விதி, க்ளிக், வெக்டர் – எதைக் கையிலெடுப்பது?

தளத் தேடல் சரியில்லை என்று புகார் வந்ததும் பல குழுக்கள் செய்வது ஒன்றுதான்: தலைப்புப் புலத்தின் எடையை 2-லிருந்து 5-க்கு ஏற்றுவது. (தலைப்பு, சுருக்கம், உடல் என்று பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு புலம்.) அடுத்த வாரம் வேறொரு புகார் வரும், 5 மறுபடி 3 ஆகும். எண்களை இப்படி உருட்டிக்கொண்டிருந்தால் முடிவே இருக்காது. கையில் இருக்கும் வழிகள் ஐந்தாறுதான். டேட்டாபேஸின் சொந்தத் தேடல், பிஎம்25 ஸ்கோரும் (சொல் எத்தனை முறை வருகிறது, எவ்வளவு அரிது என்பதை வைத்துப் போடும் புள்ளி) புல எடைகளும், வரிசைக்கிரம விதிகளில் ஓடும் தேடுபொறிகள், பார்வை எண்ணிக்கை போன்ற புறச் சமிக்ஞைகள், க்ளிக்குகளிலிருந்து கற்கும் மாடல், சொல்லுக்குப் பதிலாகப் பொருளின் நெருக்கத்தைப் பார்க்கும் வெக்டர் தேடல். இவற்றில் எது உசத்தி என்று கேட்பதில் பொருளில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வகைக் கோளாறைத்தான் சரிசெய்யும், மற்றதைத் தொடாது.

கிடைக்கவே இல்லையா, கீழே கிடக்கிறதா?

கோளாறு இரண்டு வகை. சரியான பக்கம் முடிவுப் பட்டியலிலேயே இல்லாதது ஒன்று. பட்டியலில் இருந்தும் 34-ஆம் இடத்தில் கிடப்பது இன்னொன்று. எடை என்பது ஏற்கெனவே பிடிபட்ட பக்கங்களை முன்னும் பின்னும் நகர்த்தும், அவ்வளவுதான். பிடிபடாத பக்கத்துக்கு எடையை நூறு மடங்கு ஏற்றினாலும் அது வராது.

எது எந்த வகை என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பயனர் தட்டிய சொற்களை அப்படியே வைத்து, நீங்கள் எதிர்பார்க்கும் பக்கத்தின் ஐடியை மட்டும் ஃபில்டராகச் சேர்த்து ஓட்டுங்கள். பூஜ்யம் வந்தால் முதல் வகை. பக்கம் வந்தால் இரண்டாம் வகை; அப்போது ஸ்கோர் எப்படி உருவானது என்பதைத் தேடுபொறியிடமே கேட்கலாம். எலாஸ்டிக்சர்ச், ஓப்பன்சர்ச், சோலர் மூன்றுமே எந்தச் சொல், எந்தப் புலத்தில், எவ்வளவு புள்ளி என்று வரிவரியாகப் பிரித்துக் காட்டும். அந்த வெளியீட்டைப் படிக்காமல் எடையை மாற்றுவது வீண் வேலை.

முதல் வகைக்குக் காரணம் பெரும்பாலும் சொல்லைப் பிரிக்கும் கட்டத்தில் இருக்கும். தமிழ் உள்ளடக்கத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடுபொறி சொற்களைப் பதிந்துவைக்கும் இண்டெக்ஸுக்கோ இரண்டும் வேறுவேறு சொற்கள். இண்டெக்ஸ் செய்யும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும். அடுத்தது வேற்றுமை உருபுகள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 12-ஆம் பதிப்பிலிருந்து, ஸ்னோபால் திட்டம் வழங்கும் தமிழ் ஸ்டெம்மர் (சொல்லை அடிவடிவத்துக்குச் சுருக்கும் கருவி) கூடவே வருகிறது. ஆனால் அது விதிப்படி விகுதிகளை வெட்டுவது, அதன் பின்னால் அகராதி கிடையாது. 'வீடு', 'வீட்டுக்கு', 'வீடுகளில்' மூன்றும் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்கின்றனவா என்று உங்கள் தளத்தின் சொற்களை ஓட்டிப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.

எல்லாச் சொல்லும் கட்டாயம் என்று அமைத்திருப்பதும் அடிக்கடி மாட்டிவிடும். ஐந்து சொல் தட்டுகிறவருக்கு, நான்கு சொல் உள்ள அருமையான பக்கம் தென்படாமலே போகும். எந்தச் சொல் இருந்தாலும் போதும் என்று தளர்த்தினால் குப்பை கொட்டும். 'இரண்டு சொல்வரை அத்தனையும் வேண்டும், அதற்கு மேல் போனால் 75 விழுக்காடு' என்ற இடைநிலை பல தளங்களுக்குப் பொருந்தும். எலாஸ்டிக்சர்ச் இதைக் கீழ்நோக்கி முழுமையாக்கும்: மூன்று சொல்லில் இரண்டு, நான்கில் மூன்று, ஐந்திலும் மூன்றுதான்.

அளவுகோல் இல்லாமல் ஒப்பிட முடியாது

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் ஒரு மதிப்பீட்டுப் பட்டியல் வேண்டும். தேடல் லாகிலிருந்து 50 வினவல்கள் எடுங்கள். அடிக்கடி வருபவை மட்டும் போதாது. பாதியை அடிக்கடி தேடப்படும் தலைப்பகுதியிலிருந்தும், மீதியை நடுவிலிருந்தும் மாதம் ஓரிருமுறை மட்டும் வரும் வாலிலிருந்தும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வினவலுக்கும் முதல் பத்து முடிவுகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். 3 என்றால் இதைத்தான் தேடினார், 0 என்றால் சம்பந்தமே இல்லை. உள்ளடக்கத்தை அறிந்த இருவர் தனித்தனியாகப் போட்டு, வேறுபடும் இடங்களைப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. எங்கே வேறுபடுகிறார்களோ அங்கே பெரும்பாலும் வினவலே இருபொருள் தருவதாக இருக்கும்.

இதை ஒரே எண்ணாக்க என்டிசிஜி பயன்படுகிறது. யார்வெலின், கெகாலைனென் இருவரும் 2002-இல் விரிவாக முன்வைத்த அளவு இது. பரவலாகப் புழங்கும் வடிவத்தில் 3 மதிப்பெண் பெற்ற பக்கத்துக்கு 7 புள்ளி. அது முதலிடத்தில் இருந்தால் ஏழும் கிடைக்கும். மூன்றாம் இடத்தில் இருந்தால் 3.5, ஏழாம் இடத்தில் 2.33. கூட்டுத்தொகையை, மிகச் சிறந்த வரிசை தரக்கூடிய கூட்டுத்தொகையால் வகுத்தால் 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண் வரும். சராசரி கொஞ்சம் ஏறியதைப் பார்த்து மகிழ்வதைவிட, எந்த வினவல்கள் கீழே விழுந்தன என்று பார்ப்பதுதான் உண்மையான வேலை. 0.02 ஏற்றத்துக்காக அதிகம் தேடப்படும் மூன்று வினவல்களைப் பலிகொடுத்த மாற்றம் பிறகு திரும்பப் பெறப்படும்.

ஓர் எச்சரிக்கை: புதிய அமைப்பு இதுவரை யாரும் மதிப்பிடாத பக்கங்களை மேலே கொண்டுவரும். அவற்றை 0 என்று எடுத்துக்கொண்டால் பழைய அமைப்பே எப்போதும் ஜெயிக்கும். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கு முன்னும் மதிப்பெண் இல்லாத முடிவுகளுக்கு மதிப்பெண் போட்டுவிடுங்கள்.

டேட்டாபேஸிலேயே தேடுவது

சில ஆயிரம் பக்கங்கள் உள்ள தளத்துக்குத் தனித் தேடுபொறி வைப்பது பராமரிப்புச் சுமை மட்டுமே. போஸ்ட்கிரெஸில் ஏ, பி, சி, டி என நான்கு எடைப் பிரிவுகள் உண்டு. இயல்பான மதிப்புகள் முறையே 1.0, 0.4, 0.2, 0.1. தலைப்புக்கு ஏ, சுருக்கத்துக்கு பி, உடலுக்கு டி என்று ஒதுக்கினாலே பாதி புகார்கள் அடங்கும். ஆனால் அதன் தரவரிசைச் செயற்கூறுகள் ஒரு சொல் மொத்தத் தொகுப்பில் எவ்வளவு அரிது என்று பார்ப்பதே இல்லை. 'கணக்கு முடக்கம்' என்று தேடினால் எல்லாப் பக்கத்திலும் இருக்கும் 'கணக்கு', அபூர்வமாக வரும் 'முடக்கம்' இரண்டுக்கும் ஒரே மரியாதை. பொருந்திய ஒவ்வொரு வரிசையையும் வாசித்துத்தான் அது ஸ்கோர் கணக்கிடுகிறது என்பதால், பொதுவான சொல்லுக்கு லட்சக்கணக்கில் பொருத்தம் வரும் தளத்தில் மெதுவாகும்.

எஸ்கியூலைட் டேட்டாபேஸின் முழுஉரைத் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5 இந்த விஷயத்தில் ஒருபடி மேல்: பிஎம்25 உள்ளேயே இருக்கிறது, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் எடை கொடுக்கலாம். அதன் ஸ்கோர் எதிர்மறை எண்ணாக வரும், சிறியதே சிறந்தது. இறங்குவரிசையில் அடுக்கிவிட்டு, மோசமான பக்கங்கள் ஏன் மேலே வருகின்றன என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான்.

பிஎம்25-உம் புல எடைகளும்

பெரும்பாலான தளங்கள் நிற்க வேண்டிய இடம் இது என்பது எங்கள் கருத்து. சொல்லின் அரிதைக் கணக்கில் எடுக்கும் யோசனையை கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் முன்வைத்தார். அதை உள்ளடக்கிய பிஎம்25, லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஒகாபி அமைப்பில் 1990-களில் உருவானது. தேடல் நூலகமான லூசீன் 6-உம் அதன்மேல் கட்டிய எலாஸ்டிக்சர்ச் 5-உம் 2016-இல் இதையே இயல்பாக்கின.

இதில் திருகக்கூடியவை இரண்டு. கே1, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதற்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கட்டுப்படுத்தும்; இயல்பு 1.2. பி, நீளமான பக்கத்தை எவ்வளவு தண்டிப்பது என்பது, இயல்பு 0.75. சராசரி நீளப் பக்கத்தில் ஒரு சொல் ஒருமுறை வந்தால், ஸ்கோரில் எண்ணிக்கைக்கான பகுதியின் மதிப்பு 0.45, இருமுறைக்கு 0.63, ஐந்துக்கு 0.81, பத்துக்கு 0.89. அதாவது ஐந்து முறைக்கு மேல் எழுதித் தள்ளியும் பெரிய லாபமில்லை.

பி என்ன செய்கிறது என்பதை ஓர் உதாரணத்தில் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஓர் உதவித் தளத்தில் 'கடவுச்சொல்' என்று தேடுகிறார்கள். சராசரியைப்போல் 0.3 மடங்கு நீளமுள்ள சிறிய பக்கம் ஒன்று, அதில் அந்தச் சொல் 3 முறை. சராசரியைப்போல் 5 மடங்கு நீளமுள்ள கேள்வி-பதில் பக்கம் ஒன்று, அதில் 14 முறை. பி 0.75 என்றால் சிறிய பக்கத்துக்கு 0.84, பெரியதற்கு 0.74, சிறியது மேலே. பி-யை 0.25 ஆக்கினால் சிறியதற்கு 0.75, பெரியதற்கு 0.85; வரிசை தலைகீழ். எது சரி என்பது தளத்தைப் பொறுத்தது. உதவித் தளத்தில் ஒரு விஷயத்துக்கென்றே எழுதிய சிறு பக்கம்தான் வேண்டும், ஆகவே 0.75-ஐத் தொடாதீர்கள். ஆய்வுக் கட்டுரைகள், நீண்ட வழிகாட்டிகள் நிறைந்த தளத்தில் நீளம் ஆழத்தின் அடையாளம், அங்கே 0.3 முதல் 0.5 வரை முயன்று பார்க்கலாம். தலைப்புப் புலத்துக்கு இரண்டையுமே குறைப்பது நல்லது. நான்கு சொல் தலைப்பைவிட ஒரே சொல் தலைப்பு சிறந்தது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. 'முகப்பு', 'ஆவணங்கள்' போன்ற வெற்றுத் தலைப்புகள் மேலே ஏறுவது இதனால்தான்.

புலங்களின் ஸ்கோரை எப்படிச் சேர்ப்பது என்பது எடையைவிட முக்கியமான கேள்வி, ஆனால் கவனம் பெறுவது குறைவு. கூட்டினால், எல்லாப் புலத்திலும் அரைகுறையாகப் பொருந்தும் பக்கம் வெல்லும். அதிகபட்சத்தை மட்டும் எடுத்தால், தலைப்பில் நன்கு பொருந்தியது வெல்லும், உடலில் இருப்பது கணக்கிலேயே வராது. அதிகபட்சத்தோடு மற்ற புலங்களின் ஸ்கோரில் 0.1 முதல் 0.3 பங்கு சேர்ப்பதே பெரும்பாலும் சமாதானமான வழி. எலாஸ்டிக்சர்ச்சின் பல்புல வினவலில் இந்தப் பங்கு இயல்பாக 0. பலரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இங்கே மறைந்திருக்கும் குழி ஒன்று: சொல்லின் அரிது புலத்துக்குப் புலம் தனியாகக் கணக்கிடப்படுகிறது. 'எப்படி' என்ற சொல் உடலில் எங்கும் இருக்கும், தலைப்புகளில் அபூர்வம். எனவே 'ரசீது பதிவிறக்குவது எப்படி' என்று தேடினால், தலைப்பில் 'எப்படி' உள்ள சம்பந்தமில்லாத பக்கம் ஒன்று பெரிய ஸ்கோரோடு மேலே வந்து உட்காரும். புலங்களை ஒன்றாகக் கலந்து அரிதைக் கணக்கிடும் வினவல் வகைக்கு மாறுங்கள், அல்லது இப்படிப்பட்ட வினாச் சொற்களைத் தலைப்புப் புலத்தில் நிறுத்தச் சொற்களாக்குங்கள், அதாவது கணக்கில் எடுக்காமல் விடுங்கள்.

இன்னொன்று, சிறிய இண்டெக்ஸைப் பல ஷார்டுகளாக (தனித்தனிப் பகுதிகளாக)ப் பிரித்து வைத்திருப்பது. ஒவ்வொரு ஷார்டும் அரிதைத் தன்னிடம் உள்ளதை வைத்தே கணக்கிடும், ஆகவே ஒரே மாதிரி இரண்டு பக்கங்களுக்கு வேறுவேறு ஸ்கோர் வரும். சில பத்தாயிரம் ஆவணங்களுக்கு ஒரே ஷார்டு தாராளம். நீக்கிய ஆவணங்களும் இண்டெக்ஸ் துண்டுகள் ஒன்றிணையும்வரை இந்தக் கணக்கில் இருக்கும், அதுவும் ஷார்டின் பிரதிக்குப் பிரதி வேறுபடும். ஆகவே பக்கத்தைப் புதுப்பிக்கும்போது முதல் இரண்டு இடங்கள் மாறிமாறி வந்தால் பயப்படத் தேவையில்லை.

ஸ்கோர் 5-க்குக் கீழே இருந்தால் காட்டாதே என்று எல்லை வைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். பிஎம்25 ஸ்கோர் ஒரே வினவலுக்குள் ஒப்பிட மட்டுமே. ஒரு வினவலின் 5 இன்னொன்றில் முதலிடமாகவும் இருக்கும், நாற்பதாம் இடமாகவும் இருக்கும்.

வரிசைக்கிரம விதிகள்

மெய்லிசர்ச், அல்கோலியா, டைப்சென்ஸ் போன்றவை ஒரே ஸ்கோருக்குள் எல்லாவற்றையும் கலப்பதில்லை. விதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி, முந்தைய விதியில் சமநிலை வந்தால் மட்டும் அடுத்ததற்குப் போகின்றன. மெய்லிசர்ச்சில் நெடுநாளாக இருந்துவரும் வரிசை: எத்தனை சொல் பொருந்தியது, எத்தனை எழுத்துப்பிழை, சொற்களின் நெருக்கம், எந்தப் புலம், பயனர் கேட்ட அடுக்கு, அச்சொட்டான பொருத்தம். எழுத்துப்பிழைச் சகிப்பு உடனே கிடைக்கும்: 5 எழுத்திலிருந்து ஒரு பிழை, 9 எழுத்திலிருந்து இரண்டு. அல்கோலியாவில் அதுவே 4-உம் 8-உம். தட்டத்தட்ட முடிவு காட்டும் வேகத்தில் இவற்றை மிஞ்சுவது கடினம்.

இந்த முறையின் பலம், ஏன் இந்தப் பக்கம் மேலே என்பதை உள்ளடக்கக் குழுவுக்கு ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடலாம். பலவீனமும் அங்கேயேதான். முதல் விதிகள் மிக நுணுக்கமாக இருந்தால் சமநிலையே வராது. கடைசியில் நீங்கள் ஆசையாகச் சேர்த்த 'அதிகம் படிக்கப்பட்டவை' விதிக்குப் போய்ச் சேராமலே முடிவு தீர்மானமாகிவிடும். அப்போது புலத்துக்குள் சொல்லின் இடத்தைக் கணக்கில் எடுக்காதே என்று அணைப்பதோ, டைப்சென்ஸில் பொருத்தத்தைப் பத்து வாளிகளாகப் பிரித்து வாளிக்குள் புகழால் அடுக்குவதோ செய்ய வேண்டும். ஐயாயிரம் சொல் பக்கங்களை முழுதாக ஏற்றினாலும் இவை தடுமாறும். உபதலைப்புக்கு ஒரு பதிவு என்று உடைத்து ஏற்றி, முடிவில் பக்கவாரியாகச் சேர்த்துக் காட்டினால் சரியாகும்.

பொருட்பட்டியல், பெயர்ப்பட்டியல், சிறு உதவிப் பக்கங்கள் என்றால் இந்த வகை. நீள உரை என்றால் பிஎம்25. இங்கே பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை.

பார்வை எண்ணிக்கை, தேதி: கலக்கும் அளவுதான் எல்லாம்

பொருத்தம் ஏறக்குறைய ஒன்றாக உள்ள பக்கங்களுக்குள் அதிகம் படிக்கப்படுவதை மேலே வைப்பது நியாயமானது. ஆனால் பார்வை எண்ணிக்கையை அப்படியே ஸ்கோரோடு பெருக்கினால் பொருத்தம் என்பதே இல்லாமல் போகும். 10 பார்வை பெற்ற பக்கத்துக்கும் 1,00,000 பெற்றதற்கும் வேறுபாடு பத்தாயிரம் மடங்கு. பார்வையோடு 1 கூட்டிப் பத்தின் அடிமான மடக்கை எடுத்தால் 1.04-க்கும் 5-க்குமான வேறுபாடு, ஐந்து மடங்குக்கும் கீழே. அதுவும் அதிகம்தான், '1 கூட்டல் 0.1 பெருக்கல் மடக்கை' என்று வைத்தால் 1.1-க்கும் 1.5-க்கும் இடையே அடங்கும். பொருத்தம் இரண்டு மடங்கு மோசமான பக்கம் புகழால் மட்டும் முந்த முடியாது என்பதைப் பெருக்கல் எல்லையை வைத்தே உறுதி செய்துகொள்ளலாம். பெருக்கலுக்குப் பதிலாகக் கூட்டினால் இந்த உத்தரவாதம் போய்விடும், ஏனெனில் அடிப்படை ஸ்கோர் வினவலுக்கு வினவல் 3-ஆகவும் இருக்கும் 30-ஆகவும் இருக்கும்.

தேதிக்குத் தேய்மானச் சார்புகள் உண்டு. அளவு 30 நாள், தேய்மானம் 0.5 என்று வைத்தால் எலாஸ்டிக்சர்ச்சின் மூன்று வடிவங்களும் 30-ஆம் நாளில் 0.5 தரும். 60-ஆம் நாளில்தான் பிரிகின்றன: அடுக்குக்குறி வடிவம் 0.25, மணி வடிவம் 0.0625, நேர்கோட்டு வடிவம் 0. நேர்கோட்டைத் தேர்ந்து பெருக்கினால் இரண்டு மாதம் தாண்டிய அத்தனை பக்கமும் பூஜ்யத்தில் சமமாகக் கிடக்கும். பழைய உள்ளடக்கத்தில் தேடல் குருட்டாம்போக்காகிவிட்டது என்ற புகாரின் மூலம் பலமுறை இதுதான். இதையும் 1-ஓடு கூட்டி, சிறு பங்காக வையுங்கள். செய்தித் தளத்தில் தேதிக்குக் கனமான பங்கு உண்டு. உதவி ஆவணங்களில் வேண்டவே வேண்டாம். ஐந்து வருடம் மாறாத பக்கம் ஐந்து வருடமாகச் சரியாக இருக்கும் பக்கமாகவும் இருக்கலாம்.

க்ளிக்குகளிலிருந்து கற்கும் மாடல்

கையால் வைக்கும் எடைகள் ஏழெட்டைத் தாண்டியதும் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். அந்தக் கட்டத்தில்தான் கற்கும் தரவரிசை பொருள்படுகிறது. பெரும்பாலும் பயன்படுவது லாம்ப்டாமார்ட் என்ற முறை; எக்ஸ்ஜிபூஸ்ட், லைட்ஜிபிஎம் என்ற இரு நிரல் நூலகங்களிலும் அது இருக்கிறது. சோலர் 2017-இலிருந்து இதை உள்ளேயே ஏற்கிறது, எலாஸ்டிக்சர்ச்சுக்கும் ஓப்பன்சர்ச்சுக்கும் வழி உண்டு. தலைப்பு பிஎம்25, உடல் பிஎம்25, முழுச் சொற்றொடர் தலைப்பில் உள்ளதா, பக்க வகை, வயது, பார்வை, வினவலின் நீளம் என்று ஒரு டஜன் கூறுகள் போதும். முதல் கட்டத் தேடல் தரும் 100 பக்கங்களை மட்டும் மாடல் மறுவரிசைப்படுத்தும். 101-ஆம் இடத்தில் நல்ல பக்கம் இருந்தால் மாடலுக்கு அது தெரியவே தெரியாது. எனவே முதல் கட்டம் ஒழுங்காக இல்லாமல் இதைத் தொடாதீர்கள். பக்கம் 2, பக்கம் 3 என்று போகும்போது இந்த 100-ஐ மாற்றினால், பார்த்த முடிவே மறுபடி வரும்.

சிக்கல் தரவில்தான். மேலே இருப்பதையே மக்கள் க்ளிக் செய்கிறார்கள். அதை அப்படியே பாடமாகக் கொடுத்தால், மாடல் பழைய வரிசையைத்தான் மனப்பாடம் செய்யும். சிறு பங்குப் பயனர்களுக்கு அடுத்தடுத்த இரண்டு முடிவுகளை இடம்மாற்றிக் காட்டி, இடத்தின் விளைவு எவ்வளவு என்று அளந்து, க்ளிக்குக்கு அதற்கேற்ற எடை கொடுக்க வேண்டும். கூறுகளின் மதிப்பைத் தேடல் நடந்த கணத்திலேயே லாகில் எழுதிவையுங்கள். மூன்று வாரம் கழித்துப் பார்வை எண்ணிக்கையை எடுத்தால், அந்த க்ளிக்குகளே அதில் சேர்ந்திருக்கும். சோதனையில் பிரமாதமாக இருக்கும், நேரலையில் கவிழும். பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது வரிகளைப் பிரிக்காமல் வினவல்களைப் பிரியுங்கள். ஒரே வினவல் இரு பக்கமும் இருந்தால் எண்கள் பொய் சொல்லும்.

தினம் சில நூறு தேடல் மட்டுமே நடக்கும் தளத்துக்கு இது வேண்டாம். வால் வினவல்களுக்கு எத்தனை மாதம் காத்திருந்தாலும் க்ளிக் சேராது.

வெக்டரும் கலப்பும்

'பணம் திரும்பக் கிடைக்குமா' என்று தட்டுகிறவருக்கு 'ரீஃபண்ட் கொள்கை' பக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால், உரையின் பொருளை வெக்டர் என்ற எண் வரிசையாக மாற்றும் எம்பெடிங் உதவும். இது முதல் வகைக் கோளாறுக்கான மருந்து என்பதைக் கவனியுங்கள்: வினவலோடு பொதுவான சொல்லே இல்லாத பக்கத்தைப் பிடித்துத் தருவது. ஆனால் அப்படிப்பட்ட வினவல்கள் இருபது முப்பதுதான் என்றால் ஒருபொருட் சொல் பட்டியலே மலிவு. அதைத் தேடும் நேரத்தில் பொருத்துங்கள்; இண்டெக்ஸில் சேர்த்தால் ஒரு சொல்லை மாற்ற மொத்தத்தையும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

வெக்டர் சறுக்கும் இடங்கள் திட்டமானவை. பிழை எண்கள், மாடல் எண்கள், ஆட்பெயர்கள். 'இ-4012' என்று தேடினால் 'இ-4021' பற்றிய பக்கமும் அதற்கு நெருக்கமாகவே தெரியும். அது எப்போதுமே ஏதாவது தரும், ஏனெனில் நெருங்கிய பத்து என்பது எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பத்துதான். முடிவில்லை என்ற நேர்மையான பதில் மறைந்து, குப்பை பத்து வரிசையாக நிற்கும். பல மாடல்களுக்கு 512 டோக்கன் (சொல் அல்லது சொல் துண்டு) எல்லை. தாண்டியதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். தமிழ்ச் சொல் ஒன்று பல துண்டு டோக்கன்களாக உடைவதால் எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். இ5 குடும்ப எம்பெடிங் மாடல்களில் வினவலுக்கும் பக்கத்துக்கும் முன்னால் தனித்தனி முன்னொட்டு சேர்க்க வேண்டும். மறந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, தரம் மட்டும் இறங்கும். நினைவகக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள்: 384 பரிமாண வெக்டர் ஒன்று 1,536 பைட், பத்து லட்சம் துண்டுகளுக்கு ஒன்றரை ஜிபி, அதற்கு மேல் அண்டைத் தேடல் வரைபடத்தின் இடம் தனி.

ஆகவே வெக்டரைத் தனியாக ஓட்டாமல் பிஎம்25-ஓடு கலப்பதே வழக்கம். ஸ்கோர்களை நேராகக் கூட்டக்கூடாது. ஒருபக்கம் 23 என்று வரும், மறுபக்கம் 1-ஐத் தாண்டாது. கார்மக், கிளார்க், ப்யூட்சர் மூவரும் 2009-இல் முன்வைத்த ஆர்ஆர்எஃப், இடத்தை மட்டும் பார்க்கிறது: ஒவ்வொரு பட்டியலிலும் '60 கூட்டல் இடம்' என்பதன் தலைகீழி, பிறகு கூட்டல். ஒன்றில் முதலிடம், மற்றதில் பத்தாமிடம் என்றால் 0.0307. இரண்டிலும் மூன்றாமிடம் என்றால் 0.0317, இதுவே மேலே. இந்தப் பொதுக்கருத்துப் போக்கு பெரும்பாலும் நல்லது, பிழை எண் தேடலில் கெட்டது: சரியான ஒரே பக்கம் பிஎம்25-இல் மலைபோல முன்னால் இருந்தாலும் அந்த இடைவெளி ஆர்ஆர்எஃபுக்குத் தெரியாது. இலக்கமும் எழுத்தும் கலந்த வினவலைக் கண்டால் வெக்டரை அணைத்துவிட்டுப் பிஎம்25 மட்டும் ஓட்டுவது எளிய, நம்பகமான தீர்வு.

வினவலையும் பக்கத்தையும் சேர்த்து வாசிக்கும் மறுவரிசை மாடல்கள் இதைவிடத் துல்லியமானவை, மெதுவானவையும் கூட. முதல் 30 முதல் 50 முடிவுகளுக்கு மேல் கொடுக்காதீர்கள்; தட்டத்தட்டக் காட்டும் தேடலில் வைக்கவே வேண்டாம்.

எந்தத் தளத்துக்கு எது

ஐயாயிரம் பக்கத்துக்குள், ஒரே டெவலப்பர் என்றால் டேட்டாபேஸ் தேடலும் நான்கு எடைகளும். பொருட்பட்டியல் என்றால் விதி வகைத் தேடுபொறி, கடைசி விதியாக விற்பனை அல்லது பார்வை. நீண்ட ஆவணங்கள், பல பக்க வகைகள் என்றால் பிஎம்25, புலவாரி பி, மற்ற புலங்களின் ஸ்கோரில் 0.2 பங்கு, மடக்கையில் அடக்கிய புகழ். பத்தில் எட்டுத் தளம் இங்கேயே நின்றுவிடலாம். மக்கள் முழு வாக்கியமாகத் தேடுகிறார்கள், முடிவில்லாத வினவல்கள் பட்டியலில் பொருள் ஒன்றாகவும் சொல் வேறாகவும் இருப்பவை நிறைய என்றால் கலப்பு. க்ளிக் நிறையவும், அதைப் பராமரிக்க ஆளும் இருந்தால்தான் கற்கும் மாடல்.

கையால் ஒரு பக்கத்தைக் குறிப்பிட்ட வினவலுக்கு முதலிடத்தில் நிறுத்துவதை இழிவாகப் பார்க்க வேண்டியதில்லை. அதிகம் தேடப்படும் இருபது வினவல்களுக்கு அது மிக நல்ல தீர்வு. ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதியும் பொறுப்பாளர் பெயரும் கட்டாயமாக்குங்கள், இல்லையென்றால் முடிந்துபோன அறிவிப்பு இரண்டு வருடம் முதலிடத்தில் நிற்கும்.

மாற்றத்தை வெளியிட்ட பிறகு மூன்று எண்களைப் பார்த்தால் போதும்: முடிவே வராத வினவல்களின் பங்கு, முதல் பக்கத்தில் எதையும் க்ளிக் செய்யாமல் போனவர்களின் பங்கு, ஒரு நிமிடத்துக்குள் சொல்லை மாற்றி மறுபடி தேடியவர்களின் பங்கு. வெக்டரைச் சேர்த்த பிறகு முதல் எண் தானாகவே பூஜ்யமாகிவிடும், அதை வெற்றியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மூன்றாவதைப் பாருங்கள். பயனர்களை இரு பிரிவாக்கி ஒப்பிடும் ஏ/பி சோதனைக்குப் போதிய வருகை இல்லாத தளத்தில் பழைய, புதிய முடிவுகளை ஒரே பட்டியலில் மாற்றிமாற்றிச் செருகி, எதன் முடிவுகள் அதிகம் க்ளிக் ஆகின்றன என்று பார்க்கலாம். இதற்குத் தேவைப்படும் தேடல்கள் மிகக் குறைவு. பழைய இண்டெக்ஸை அழிக்காமல் மாற்றுப்பெயர் வைத்து இரண்டையும் சில வாரம் உயிரோடு வைத்திருங்கள். எம்பெடிங் மாடலை மாற்றும்போது இது இன்னும் அவசியம்: பழைய மாடலின் வெக்டரும் புதியதன் வெக்டரும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவை அல்ல, பாதி பக்கங்களை மட்டும் மாற்றி ஏற்றிவிட்டு நிறுத்த வழியில்லை.